எதிர்வீட்டு வாசலில் பிள்ளையார்

அவனியாபுரத்திலிருந்து வந்த ஷேர் ஆட்டோவில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“எதுத்த வீட்டு வாசல்ல பிள்ளையார் வந்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லக்கா.”

“சாமி வந்தா நல்லதுதானடி.”

“ரோட்ட அகலமாக்கப் போறாங்கன்னு பேச்சு வந்த மறுவாரமே வந்தாருக்கா. இம்புட்டு வருசத்துல அந்த வீட்ல ஒரு வெளக்கு ஏத்தி நான் பாத்ததில்ல. கோயில இடிக்க யாரு துணிவாங்க? அப்ப ரோடு எந்தப் பக்கம் அகலமாகும்?”

“உங்க பக்கமா?”

“முன்ரூமு போயிரும். வீடே ரெண்டு ரூமுதான்.”

“அதுக்காகச் சாமியவா சந்தேகப்படுவ?”

“சாமிய இல்லக்கா. கொண்டாந்து வச்சவுகள.”

ஒட்டுக்கேட்பது தப்போ என்று முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

“அளக்குறவுக வந்தாகளா?”

“நேத்து ஒருத்தரு வந்தாரு. செருப்பக் கழட்டிட்டு நின்னு கும்பிட்டாரு. திருநீறு பூசிக்கிட்டாரு. அவுக குடுத்த சுண்டல நிதானமாத் தின்னு முடிச்சாரு. பெறகு திரும்பி வந்து, எங்க சுவத்துல செவப்புக் கோடு போட்டாரு.”