நல்லதுக்குத்தானுங்க சொன்னேன்

...மூச்ச இழுத்து உடுங்கன்னா, இழுத்து உட்டுப்போட்டு ஊட்டுக்குப் போவ வேண்டியதுதானுங்களே! ஆபீசு கக்கூஸ் கதவுக்கு உள்ள தாப்பாப் போடக் கொண்டி இல்லைங்கற பேச்செல்லாம் அங்க எதுக்குங்க? நீங்களே சொல்லுங்க. ஏரிக்குப் பக்கத்துல எவ்வளவு பெரிய ஓட்டலு! பொம்பளைங்க மன அமைதிக்குன்னு கம்பெனி செலவு பண்ணி முகாம் நடத்துது. அங்க போயி உக்காந்துக்கிட்டு... கொண்டியாமுங்க, கொண்டி!

அட, நான் ஆருன்னே சொல்லலியே. வெங்கடாசலமுங்க. ஏற்காட்டுல பைனான்ஸ் கம்பெனி பிராஞ்ச் மேனேஜர். நகைக் கடன், மகளிர் குழுக் கடன்... ஆமாங்க, ஆமாங்க, அந்த பேக்கரிக்கு மேல, மாடில. அந்தச் சன்னல மட்டும் கொஞ்சம் சாத்திருங்க, பஸ்ஸு கெளம்புனதும் நொம்பக் குளிருது. ம்... எங்க உட்டேன்?

கொண்டி! எங்க பிராஞ்சுல என்னையத் தவுத்து அத்தனை பேரும் பொம்பளைங்க. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய காவலுக்கு நிப்பா. ஒத்துமையா இருக்குதுங்களேன்னு நானுங்கூட சந்தோசப்பட்டனுங்க. மகளிர் தினத்துக்குக் கேக்கு வெட்டறேன். ரோஸ் கலர்ல பலூன் கட்டறேன். ஆளுக்கொரு ரோசாப்பூ. எந்த மேனேஜருங்க இதெல்லாம் செய்யறான்?

அப்பறம் பாருங்க, அந்தப் பயிற்சி குடுக்க வந்த அம்மணி கண்ண மூடச் சொல்லுச்சு. மனசுல இருக்கற பாரத்தச் சொல்லுங்கன்னுச்சு. நான் என்ன நெனச்சேன்... மாமியா சண்டை, புள்ளைக்குக் காச்சல், அப்படித்தான் எதாச்சும் வரும்னு. ஒருத்தி சொல்றா, "சாயங்கால மீட்டிங்". எல்லாரும் தலையாட்டறாங்க! அது நான் வெக்கற மீட்டிங்குங்க. அன்னன்னைக்கு வசூலு அன்னன்னைக்கே பேசிரோணும், அதானுங்க ஒழுங்கு. அது முடியறதுக்குள்ள நாகலூர் பஸ்ஸு போயிருதாம். இருட்டுல ஆட்டோவுக்கு நிக்கறாங்களாம். ஏனுங்க, பஸ்ஸு போறதுக்கு நானா பொறுப்பு? நானா டிரைவரு?

...இந்த வளைவுல கொஞ்சம் புடிச்சுக்கங்க. எலுமிச்சம்பழம் வேணுங்களா? எங்கூட்டுக்காரி சாந்தி தெனமும் பையில போட்டு உடுவா. வேண்டாமா? சரி.

அதோட போயிருந்தாலும் பரவால்லீங்க. மத்தியானம் சாப்பாட்டுல ஆரம்பிச்சுது வெனை. என்ற அசிஸ்டெண்டு கவிதான்னு ஒரு புள்ள. செம்மநத்தத்துக்காரி. அவங்கய்யன் பொன்னுவேலு காப்பித் தோட்டக்காரரு. காடு கரையெல்லாம் ஸ்கூட்டரு ஓட்டிக்கிட்டுப் போயி, ஒரு சத்தம் போடாம வசூல் பண்ணிட்டு வந்துருவா. கெட்டிக்காரி, அதுல குத்தமே சொல்ல மாட்டேன். சென்னையில இருந்து வந்த பெரிய மேடம் அவகிட்டப் போயி, "போன வருசம் சேலத்துக்கு மேனேஜரா வரச் சொன்னமே, முடியாதுன்னுட்டியேம்மா, எனக்கு வருத்தந்தான்"னு சொல்லிருச்சு.

நான் பாயாசம் குடிச்சுக்கிட்டு இருந்தனுங்க. டம்ளரக் கீழ வெச்சுட்டேன்.

கவிதா அந்தம்மாளப் பாத்தா. அப்பறம் என்னையப் பாத்தா. "என்னைய ஆரும் கேக்கவே இல்லீங்களே மேடம்"னா. அவ்வளவுதான். எலைய மூடிப்போட்டு கை கழுவப் போயிட்டா. கத்தியிருந்தா நானும் ரெண்டு கத்தியிருப்பேன். கத்தலீங்க. வெய்யில்ல போயி அந்தப் புல்லுல தனியா நின்னுக்கிட்டு இருந்தா.

என்னங்க? ...அவளக் கேட்டனான்னா? எதுக்குங்க கேக்கோணும்? எனக்குத் தெரியாதா? மேடம் போன்ல விசாரிச்சப்போ, "கைக்கொழந்தை இருக்குதுங்க, மாமியாருக்கு மேலுக்கு முடியல, பாவம் அந்தப் புள்ளையத் தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு நாந்தானுங்க சொன்னேன். நல்லதுக்குத்தானுங்க சொன்னேன்! பொம்பளைங்களுக்கு ஆதரவா இருங்க, ஆதரவா இருங்கன்னு சர்க்குலர் மேல சர்க்குலரா அனுப்பறாங்களே, ஆதரவுன்னா பின்ன என்னங்க?

அதில்லாம, அவ போயிட்டா நாகலூர் வசூல ஆரு பாக்கறது? செம்மநத்தத்துல எனக்கு நாயி கூட வாலாட்டாது. ம்... சரி, அது வேற.

அந்தக் கொழந்தையப் பத்தி ஒண்ணு சொல்லோணும். அதப் பாத்துக்க அவ புருசன் இருக்கறானாம், தோட்ட வேலையோட வேலையா குளிப்பாட்டிச் சோறூட்டி எல்லாம் அவந்தானாம். மாமியாளும் எந்திரிச்சு நடமாடுதாம். எனக்கெப்படிங்க தெரியும்? சொன்னாத்தான தெரியும்!

அப்பறம் என்ன, கூப்புட்டு வெச்சு எல்லாத்தையும் விசாரிச்சாங்க. கவிதாவ ஏரியா மேனேஜராவே ஆக்கிப்போட்டாங்க. ஆமாங்க, எனக்கு மேல! "சார், சார்"னு எனக்கு டீ வாங்கியாந்த புள்ளைக்கு இப்ப நான் "மேடம்"ங்கறேன். மொத நாளு வந்தா. ஆசாரியக் கையோட கூட்டியாந்துட்டா. கொண்டி போட்டாச்சு. மீட்டிங்கக் காலைக்கு மாத்திட்டா. அதுதானுங்க பெரிய தொல்லை. சாயங்காலம்னா எல்லாம் களைச்சுப்போயி, நான் சொல்றதுக்குத் தலையாட்டிட்டு எந்திரிச்சு ஓடுவாங்க. காலைல முழிச்சுக்கிட்டு இருக்கறாங்க! எதுத்துக் கேக்கறாங்க! அந்தத் திட்டம் செரிப்படாதுங்க சார், இப்படிப் பண்ணலாமுங்க சாருங்கறாங்க. கொடுமை என்னன்னா, அவங்க சொன்னபடி பண்ணுனா வசூலு ஏறுது. ஆருகிட்டப் போயி அழுவறது?

நேத்து என்னையச் சேலம் ஆபீசுல அவ ரூமுக்குக் கூப்புட்டா. செரி, வந்துருச்சுடா நமக்கு ஆப்புன்னு நெனச்சேன். எதோ கண்காணாத ஊருக்குத் தூக்கியடிக்கப் போறான்னு, சாந்திகிட்டச் சொல்லி ரெண்டு சட்டை துணிமணி கூட எடுத்து வெச்சாச்சுங்க. ஏன், அவ எடத்துல நான் இருந்தா அதத்தான செய்வேன்?

உக்காருங்க சாருன்னா. உக்காந்தேன். "உங்களுக்குச் சக்கரை இருக்குது, தெனமும் சேலத்துல இருந்து மலையேறி எறங்கறீங்க. சேலத்துலயே ஒரு பிராஞ்சு காலியாவுது. அங்க வந்தாலும் சரி, ஏற்காட்டுலயே இருந்தாலும் சரி. உங்களுக்கு எது வேணும் சார்? யோசிச்சு நாளைக்கு நேர்ல வந்து சொல்லுங்க"ங்கறா.

...இல்லீங்க, ஒண்ணுமில்ல, தூசி. கண்ணுல தூசி.

நான் இந்தக் கம்பெனிக்கு வந்து தலையே நரைச்சுப்போச்சுங்க. தருமபுரிக்குப் போன்னாங்க, போனேன். ஆத்தூருன்னாங்க, சரின்னேன். என்ற மக ரம்யா பொறந்தப்ப அரூர்ல இருந்தேன், லீவு குடுக்கல. கொழந்தை மொகம் பாக்கறதுக்குள்ள அது கவுந்து படுக்கவே பழகிப்போச்சு. அப்பக் கூட ஒருத்தன் கேக்கலீங்க, வெங்கடாசலம் உனக்கு எது வேணும்னு. நானுங் கேக்கல, என்னையும் கேக்கல. அப்படியே போயிருச்சு. இப்ப இவ பாட்டுக்குக் கேக்கறா, எனக்குச் சொல்ல வரமாட்டேங்குது! ராத்திரி பூரா சாந்தியக் கேக்கறேன், "எனக்கு எதுடீ வேணும்?" அவ சொல்றா, "நீங்க என்னைய எதாச்சும் கேட்டு இத்தன வருசத்துல இதுதான் மொத தடவை, தூங்குங்க"ன்னு.

காலைல ஏற்காட்டு ஆபீசுல தலையக் காட்டிட்டு, சேலத்துல பதில் சொல்லலாம்னு இந்த பஸ்ஸுல ஏறிட்டேன். மேடத்துகிட்ட என்ன சொல்றதுன்னு இன்னும்... ஏனுங்க, நீங்களாச்சும் ஒரு யோசனை...

ஏனுங்க? அட, எங்க போனாரு? அஸ்தம்பட்டியிலயே எறங்கிட்டாரா? சொல்லாமக் கொள்ளாம...

ஆங்? ஆமா கண்டக்டர், பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு, தெரியுதுங்க. உக்காந்திருக்கறேன், அவ்வளவுதான். என்னது? எறங்கறனா, இல்ல திரும்ப மேல ஏற்காட்டுக்கே வாறனான்னா?

அடக் கடவுளே... நீங்களுமாங்க கேப்பீங்க!