பசை டாக்டரின் இடது கை

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, சபையின் மூத்தவர்களே, கண்ணாடிக் கடையை இன்று முழுக்கப் பூட்டிவிட்டு வந்திருக்கும் முதலாளி அவர்களே, கோடை விடுமுறைப் பள்ளியின் ஆசிரியர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் பெற்றோர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த ஒலிபெருக்கியின் முன்னால் நான் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். பாட்டு வாத்தியார், விடுமுறைப் பள்ளியின் பொறுப்பாளர், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர் என்றுதான் எனக்குப் பெயர். இன்றைக்கு எனக்கு ஆரம்பிக்கத் தெரியவில்லை. யாருக்கு இந்த இரங்கல் கூட்டம்? நம் பசை டாக்டருக்கா? வியாழக்கிழமை சாயங்காலம் என்னோடு போனில் சிரித்துப் பேசியவருக்கா? வெள்ளிக்கிழமை விடிந்ததும் இல்லை என்கிறார்கள். தூக்கத்திலேயே போய்விட்டார் என்கிறார்கள். இன்று காலை என் கையாலேயே மண் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆனாலும் இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு, அட்டைப்பெட்டிகளைச் சுமந்தபடி, "அண்ணா, கொஞ்சம் பிடிங்க" என்று அவர் வருவார் என்றே என் கண் வாசலைப் பார்க்கிறது. என்ன செய்ய? மண்டைக்கு ஏறியது மனதுக்கு இறங்கவில்லை.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்குக் கூடப்பிறக்காத தங்கையான நம் பசை டாக்டர் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். பெரியவர்களின் மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்துவது அவர் தொழில். கோடை வந்தால் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு இங்கே வந்துவிடுவார். பிள்ளைகள் செய்யும் கைவேலை எங்கே கழன்றாலும், எங்கே கிழிந்தாலும், எது நிற்க மறுத்தாலும் அவரிடம்தான் ஓடுவோம். பட்டம் கொடுத்தது பிள்ளைகள். பசை டாக்டர்.

அவருடைய வைத்தியம் விசித்திரமானது. வலது கைக்காரர். ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் எந்த வேலையையும் முதலில் தன் இடது கையால் செய்து பார்ப்பார். ஏன் தாயே இந்த வம்பு என்று கேட்டேன். "நம்ம இடது கைக்கு எவ்வளவு தெரியுமோ, சின்னப் பிள்ளையோட வலது கைக்கும் அவ்வளவுதாண்ணா தெரியும். நம்ம வலது கையால செஞ்சு பார்த்தா எல்லாமே சுலபமாத்தான் இருக்கும்" என்றார்.

பஞ்சு ஆட்டுக்குட்டியை யாராவது மறந்திருப்பீர்களா? பிள்ளைகள் அட்டையில் பசை தடவிப் பஞ்சை ஒட்டினார்கள். பஞ்சு முழுக்க விரல்களில் வந்தது, ஆடு மொட்டையாக நின்றது. பசையை மாற்று என்றார் ஒருவர். பஞ்சை மாற்று என்றேன் நான். இவர் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து இடது கையால் ஒட்டச் சொன்னார். போதகர் ஐயாவையும் விடவில்லை. ஐயாவின் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்ட ஆட்டுக்குட்டி மாலை ஆராதனைவரை போனது, பிரசங்க மேடையில் ஏறியது, காணிக்கைப் பாட்டு முடிந்த பிறகுதான் கீழே விழுந்தது. ஐயா சிரிக்கிறார், பாருங்கள். அன்றும் இப்படித்தான் சிரித்தார். நாங்களே ஒட்டிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. தடவியவுடனே நம் விரலும் ஈரம், அட்டையும் ஈரம், பஞ்சு எங்கே நிற்கும்? கையைத் துடைத்துவிட்டு, பென்சிலின் பின்பக்கத்தால் பஞ்சை அழுத்தச் சொன்னார் டாக்டர். அன்று மாலை ஒரு மொட்டை ஆடுகூட வீட்டுக்குப் போகவில்லை.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். அதற்காக அவரோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். பிள்ளை செய்த பொருளில் பெரியவர்கள் கை படக் கூடாது. கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும். "நாம சரி பண்ணிக் கொடுத்தா அது நம்ம பொம்மைண்ணா. அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லாமப் போயிடும்" என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நிறைவு விழாவுக்கு நாலு பேர் பார்க்க வருகிறார்களே, கொஞ்சம் பார்வையாக இருக்க வேண்டாமா என்பேன். அவர் பாட்டுக்குக் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

இந்த ஆண்டுக் கைவேலை நோவாவின் பேழை. பால் வரும் அட்டைப்பெட்டியைப் பாதியாக வெட்டிப் படகு, மேலே ஐஸ் குச்சிகளால் தளம், அதில் களிமண் மிருகங்கள் ஜோடி ஜோடியாக. நாளை நிறைவு விழாவில் ஒவ்வொரு பிள்ளையும் தன் படகைத் தொட்டித் தண்ணீரில் விட வேண்டும். ஆசிரியர்கள் செய்த மாதிரிப் படகு ராஜா மாதிரி மிதந்தது. வியாழக்கிழமை மதியம் பிள்ளைகளின் படகுகளை ஒத்திகைக்காக விட்டோம். ஒன்றுகூட நிற்கவில்லை. எல்லாம் சாய்ந்தன. யானையும் சிங்கமும் தண்ணீருக்குள் போயின. பிள்ளைகள் அழுத அழுகையில் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும். களிமண்ணைக் குறைத்தோம். அடியில் கல் வைத்தோம். எதுவும் நடக்கவில்லை.

பசை டாக்டர் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றார். "யாரும் அழாதீங்க. ஞாயித்துக்கிழமை ஒரு படகும் சாயாது. இது நான் சொல்றது" என்றார். பிள்ளைகள் வாயை மூடினார்கள். டாக்டர் சொன்னால் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவருடைய மகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவள் படகும் சாய்ந்துதான் கிடந்தது.

அன்று சாயங்காலம் போன் வந்தது. "கண்டுபிடிச்சுட்டேன்ணா. போன்ல சொன்னா உங்களுக்குப் புரியாது. காலையில வந்து உங்க கையை வெச்சே காட்டுறேன்."

காலையில் அவர் வரவில்லை.

அன்பானவர்களே, எந்த வாயால் நான் பிள்ளைகளிடம் சொல்வேன்? டாக்டர் இல்லை என்று சொல்லவா? டாக்டர் கொடுத்த வாக்கும் அவரோடு போய்விட்டது என்று சொல்லவா? இன்று அடக்கம் முடிந்து ஆசிரியர்கள் பின்னறையில் கூடினோம். அவருடைய ஏப்ரன் ஆணியில் தொங்கியது. அதில் சிந்திய பசை காய்ந்து மொடமொடவென்று இருந்தது. படகு வேண்டாம், பாட்டோடு முடித்துக்கொள்வோம் என்றார்கள் சிலர். நாமே உட்கார்ந்து எல்லாப் படகையும் சரி செய்துவிடுவோம் என்றார்கள் மற்றவர்கள். நான் மேஜையில் சாய்ந்துகிடந்த படகுகளைப் பார்த்தபடி நின்றேன். என்னையறியாமல் போனை எடுத்து அவர் எண்ணை அழுத்திவிட்டேன். கைவேலையில் எது கெட்டாலும் அந்த எண்ணை அழுத்தியே பழகிய கை இது. மணி அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. வைப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்கண்ணா" என்றார் அவர் கணவர்.

தெரியாமல் அழுத்திவிட்டேன் என்று ஏதோ உளறினேன். என்ன மனிதர் அவர்! மனைவியை மண்ணில் வைத்துவிட்டு வந்த கையோடு, என் தடுமாற்றத்தைப் புரிந்துகொண்டு, "படகு விஷயமா?" என்று அவரே கேட்டார். பிறகு சொன்னார். "அன்னிக்கு சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து இடது கையால ஒரு படகு செஞ்சுட்டு இருந்தா. திடீர்னு சிரிச்சா. என்னன்னு கேட்டேன். 'படகு மேல பாதி இடத்தை என்னோட இன்னொரு கையே அடைச்சுட்டு உட்கார்ந்திருக்கு, பாருங்க'ன்னா. எனக்கு ஒண்ணும் விளங்கலண்ணா. உங்களுக்கு விளங்குதா?"

எனக்கும் விளங்கவில்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது. பிள்ளைகளின் படகைத் தொடாமல், ஆளுக்கொரு காலிப் படகை எடுத்துக்கொண்டு இடது கையால் ஒட்ட உட்கார்ந்தோம். கண்ணீர் ஒரு பக்கம், பசை ஒரு பக்கம். படகு வழுக்கியது. வலது கையால் அதை இறுக்கிப் பிடித்தோம். ஒட்டி முடித்துக் கையை எடுத்தபோது பார்த்தோம். பிடித்திருந்த கைக்குக் கீழே பாதித் தளம் காலி. மிருகங்கள் அத்தனையும் மறுபாதியில் குவிந்திருந்தன. தேர்ந்த கைக்குப் படகைப் பிடிக்கத் தேவையில்லை, அதனால் எங்களுக்கு இது தெரியவே இல்லை. சின்னக் கை படகை விடவே விடாது. தண்ணீரில் விட்டோம், பிள்ளைகளின் படகைப் போலவே சாய்ந்தது. வாழ்க்கையில் ஒரு பொருள் கவிழ்ந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது இன்றைக்குத்தான். காலியாக இருந்த பாதியிலும் மிருகங்களை வைத்தோம். படகு நிமிர்ந்தது.

ஆகவே நாளை படகுகள் மிதக்கும். அவற்றைச் சரி செய்யப்போவது நாமல்ல, பிள்ளைகள்தான். காலிப் பாதியில் அவர்களே ஒட்ட வேண்டும். அதுவரை தளத்தில் கை படாமல், அடியிலிருந்து யாராவது படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தால் போதும். ஒரு மிருகத்தைக்கூட நேராக்கக் கூடாது. அவரோடு சண்டை போட்ட நானே சொல்கிறேன்.

பிள்ளைகள் பின்னறையில் காத்திருக்கிறார்கள். பிடிக்கத்தான் ஆள் இல்லை. பசை காய ஒரு இரவு வேண்டும். அதனால் என் உரையை இத்தோடு முடிக்கிறேன். எனக்கு இப்படி முடித்துப் பழக்கமில்லை.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். கையை உயர்த்துங்கள். அந்தக் கை வேண்டாம், இடது கை. என் பின்னால் சொல்லுங்கள்: பசை டாக்டர் கொடுத்த வாக்கை நாங்கள் காப்போம். பிள்ளைகளின் வேலையைப் பிள்ளைகளிடமே விடுவோம். அவர்கள் ஒட்டி முடிக்கும்வரை அடியில் பிடித்துக்கொள்வோம். வருகிற கோடையிலும், அதற்கடுத்த கோடையிலும்.

நன்றி. கையை இறக்கிக்கொள்ளலாம்.

இந்தக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் டாக்டரின் மகள் என்னிடம் வந்தாள். கையில் ஒரு களிமண் ஒட்டகம். "எல்லாருக்கும் ஆள் வருவாங்க மாமா. என் படகை அம்மாதான் பிடிப்பாங்க. இப்ப யாரு பிடிப்பா?" என்று கேட்டாள். அவள் தலையைத் தடவிவிட்டு மேடை ஏறிவிட்டேன். அவள் அப்பா இங்கே மேடையில் என் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார், நான் இப்போது சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. இதோ, படி இறங்குகிறார். நடுவில் நிற்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கி அவருக்கு வழி விடுங்கள்.