பாதிச் சுவர்

மனைவி: மிக்ஸி அவருக்கே இருக்கட்டும் மேடம். அது போடற சத்தத்துக்கு எங்க சண்டையே தேவலை.

கணவன்: சத்தம் மிக்ஸியோடதா, உன்னோடதா?

மனைவி: பார்த்தீங்களா... இதுக்குத்தான் விவாகரத்து.

வக்கீல்: சிரிச்சுக்கிட்டே பிரியற ஜோடியை இப்பத்தான் பார்க்கறேன். சரி, சாமான் பிரிச்சாச்சு. எப்பலேர்ந்து தனித்தனியா இருக்கீங்க?

கணவன்: போன வருஷம் ஜூன். இவ அக்கா வீட்டுக்குப் போனதுலேர்ந்து.

வக்கீல்: பதினாலு மாசம். ஒரு வருஷம் ஆனாத்தான் ரெண்டு பேரும் சேர்ந்து மனு போட முடியும். நடுவுல சேர்ந்து இருந்திருந்தா, கணக்கு மறுபடி முதல்லேர்ந்து. இருந்தீங்களா?

கணவன்: இல்லை. இவளுக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு மேடம். சீக்கிரம் முடிஞ்சா இவளுக்கு நல்லது.

வக்கீல்: நீங்க சொல்லுங்கம்மா.

மனைவி: ...இல்லை.

வக்கீல்: வாடகை வீடு?

கணவன்: போன மாசம் காலி பண்ணிட்டோம். ரெண்டு பேருமாப் போய்.

மனைவி: சமையலறைச் சுவரை சரி பண்ணிக் குடுங்கன்னு வீட்டுக்காரர் ஒத்தக்கால்ல நின்னார். கல்யாணமான புதுசுல நாங்களே பெயின்ட் அடிக்க ஆரம்பிச்சது. பாதிச் சுவர் பச்சை...

கணவன்: திடீர்னு இவ மஞ்சள்தான் வேணும்னு சொன்னா. பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டா.

மனைவி: போட்டது நீங்க! அதுவும் என் தலையில. மூணு நாள் பச்சைத் தலையோட ஆபீஸ் போனேன்.

கணவன்: உட்கார வெச்சுத் துடைச்சு விட்டது யாரு?

மனைவி: ...நீங்கதான். ஒவ்வொரு முடியா. எவ்வளவு நல்லா இருந்துது அப்பல்லாம்.

கணவன்: ஒம்பது வருஷம் அந்தச் சுவர் பாதியிலேயே நின்னுது.

மனைவி: இப்ப முழுசும் மஞ்சள் மேடம். இவரே டப்பா வாங்கிட்டு வந்தார். நான் கேக்கவே இல்லை.

வக்கீல்: எத்தனை நாள் வேலை?

கணவன்: ஒரே நாள்.

வக்கீல்: ஒரே நாளா? காய வேண்டாமா?

கணவன்: ...நல்ல வெயில்.

வக்கீல்: சரி, பிரிஞ்ச தேதி ஜூன்னே போட்டிருக்கேன். இங்க கையெழுத்து போடுங்கம்மா... என்ன, பேனா எழுதலையா?

மனைவி: எழுதுது.

கணவன்: போட்டுடு... உன் வேலை...

மனைவி: தேதியை மாத்துங்க மேடம். பெயின்ட் அன்னிக்கு சாயங்காலமே காஞ்சிடுச்சு. நாங்கதான் காயலை காயலைன்னு சொல்லிக்கிட்டு, பதினோரு நாள் அங்கேயே இருந்துட்டோம்.