துஷ்யாவுக்கு நான் தெரிவு செய்த கைத்துப்பாக்கி

ஒஸ்லோ, திங்கட்கிழமை, 7 ஏப்ரல் 2025. முற்பகல் 10.20க்குத் தொடங்கியது.

என் பெயர் மரியரஞ்சனி யோசேப்பு. வயது 48. பிறந்த இடம் இலங்கை, மன்னார். தற்போது ஒஸ்லோ எல்லிங்ஸ்ருட்டில் தனியாக வசிக்கிறேன். செயற்கைப் பல் செய்யும் ஆய்வுகூடமொன்றில் பதினேழு ஆண்டுகளாகத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்கிறேன். நான் சந்தேகநபராக விசாரிக்கப்படுகிறேன் என்பதும், பேசாமலிருக்க எனக்கு உரிமை உண்டு என்பதும், சட்டத்தரணியை அருகில் வைத்துக்கொள்ளலாம் என்பதும் எனக்கு விளக்கப்பட்டன. சட்டத்தரணி வேண்டாம் என்றேன். எனக்கு நோர்வேஜிய மொழி நன்றாகத் தெரியும். ஆயினும் அந்த மொழியில் கதைக்கும்போது நான் சொற்களைத் தேடித் தேடி எடுப்பேன், இன்று அப்படி எடுக்க விரும்பவில்லை என்பதால், தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் உடனிருக்கிறார்.

எட்டு ஆண்டுகளாக நான் துப்பாக்கிச் சுடும் கழகமொன்றில் உறுப்பினராக இருக்கிறேன். வேலையிடத்தில் ஒருவர் அழைத்துப் போனதால் சேர்ந்தேன். கோயிலில் இதைக் கேள்விப்பட்டவர்கள், "உங்களுக்கு அங்கை சண்டையிலை கேட்ட வெடிச்சத்தம் போதாதே?" என்று கேட்டார்கள். இஞ்சை நான் அமத்தினால்தான் வெடிக்கும் என்று அவர்களுக்குச் சொன்னேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் என் வலது பெருவிரல் மூட்டில் வாதம் வந்ததால் போட்டிகளில் சுடுவதை நிறுத்திவிட்டேன்.

துஷ்யாவுக்கு வயது 27. இங்கேயே பிறந்தவர். மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறார், ஸ்ட்ரோம்மனில் வசிக்கிறார். எங்கள் கழகத்தில் தமிழ்ப் பெண்கள் நாங்கள் இருவரும் மட்டுமே. அவர் என்னை அன்ரி என்று அழைப்பார், உறவினர் அல்லர். ஓடி ஓடிச் சுடும் போட்டியில் அவரைப் போல ஒருவரை நான் கழகத்தில் பார்த்ததில்லை. அவர் சுடும்போது நான் பின்னால் நின்று பார்ப்பேன். என் கை செய்யவேண்டியதை அவர் கை செய்வதாக எனக்குத் தோன்றும்.

கடந்த ஒக்டோபர் மாதம் துஷ்யா கழகத்தின் இரவல் துப்பாக்கியை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கத் தீர்மானித்தார். அதன் பின்னர் நாங்கள் இருவரும் மூன்று துப்பாக்கிகளைப் பார்த்தோம். மூன்றும் தோட்டாக்கூட்டில் தோட்டாக்கள் இரண்டு வரிசையாக நெருங்கி நிற்கும் வகை. முதலாவது பிளாஸ்ரிக் உடம்பு கொண்டது, பாரம் குறைவு, சுடும்போது அவருடைய கையில் துள்ளியது. இரண்டாவது செக் நாட்டுத் தயாரிப்பு, முழுவதும் உருக்கு, அவருடைய கைக்கு அளவாக இருந்தது. மூன்றாவது பழைய அமெரிக்க வடிவத்தில் செய்த விலை உயர்ந்த துப்பாக்கி. அதன் விசை சுழலாமல் நேராகப் பின்னால் போகும். அதை முதல் முறை கையில் எடுத்தபோது நான் அதைத் திருப்பிக் கொடுக்க விரும்பவில்லை. கடைக்காரர் இருமுறை கையை நீட்டினார்.

துஷ்யாவுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. "அன்ரி, இது என்ரை கையிலை சும்மா இருக்குது, நான் இதை நினைக்கவே தேவையில்லை" என்றார். மூன்றாவதின் பிடி அவருக்குத் தடிப்பு, விசைக்கு விரல் நுனி மட்டும்தான் எட்டியது. கழகத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஹால்வார்டிடம் காட்டினோம். அவர் ஓய்வுபெற்ற ட்ராம் சாரதி, வயது 66. அவர் மூன்றையும் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு இரண்டாவது போதும், மூன்றாவது அவளிடம் நிறையத் திறமை கேட்கும் என்றார். நான் துஷ்யாவிடம், நீ இரண்டாவதை வாங்கினால் வருகிற வருடம் மூன்றாவதுக்காகப் பொலிஸ் அனுமதிக்கு மறுபடி விண்ணப்பிக்கவேண்டி வரும் என்றேன். நவம்பர் மாதம் முழுவதும் இதையே வேறு வேறு விதமாகச் சொன்னேன். டிசம்பரில் அவர் மூன்றாவதுக்கு விண்ணப்பித்தார். ஹால்வார்ட் கழகத்தின் சான்றிதழில் கையொப்பமிட்டார். பெப்ரவரி நடுப்பகுதியில் பொலிஸ் அனுமதி கிடைத்து, துப்பாக்கி கைக்கு வந்தது.

அதன் பின்னர் மூன்று வாரங்கள் துஷ்யா அதனுடன் பயிற்சி செய்தார். இரவல் துப்பாக்கியில் எடுத்த புள்ளிகளை எடுக்க முடியவில்லை. விசை கடினமாக இருந்தது, விரல் நுனியால் இழுக்கும்போது குறி இடது பக்கம் விலகியது. உரிமம் பெற்ற துப்பாக்கித் திருத்துநரிடம் கேட்டபோது யூன் மாதத்துக்கு முன்னர் நேரமில்லை என்றார். அவர் சுட விரும்பிய போட்டிக்கான தகுதிச் சுற்று ஏப்ரலில் இருந்தது. துஷ்யா, "பரவாயில்லை, அடுத்த வருசம் பாப்பம்" என்றார். நான், "பல்லிலை பத்து மைக்ரோன் எடுக்கிறனான், இதிலை எடுக்க மாட்டனோ" என்றேன். இன்னொருவரின் துப்பாக்கியைத் திருத்த எனக்கு அனுமதி இல்லை என்பது எனக்குத் தெரியும். துஷ்யாவும் அதைச் சொன்னார். யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் சொன்னேன்.

மார்ச் 8, சனிக்கிழமை, ஆய்வுகூடத்தில் வேறு எவரும் இல்லாத நேரம், காலை பதினொரு மணியளவில் துஷ்யா துப்பாக்கியைக் கொண்டுவந்தார். தோட்டாக்கள் கொண்டுவரவில்லை. நான் அதைக் கழற்றி, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் பின்னால் இழுபட்டதும் அதைப் பிடித்து நிறுத்தும் சிறிய கொளுக்கியை எடுத்து, பெருக்கும் கண்ணாடியின் கீழ் வைத்து அதன் முகத்தை மெருகேற்றினேன். இரண்டு மணித்தியாலங்கள் எடுத்தன. துஷ்யா பக்கத்தில் இருந்து பார்த்தார். பூட்டிய பின்னர் அவர் இழுத்துப் பார்த்து, "கண்ணாடி உடையிற மாதிரி இருக்கு அன்ரி" என்றார். எனக்கு மிகவும் சந்தோசமாக இருந்தது. இதைக் குறிப்பாகப் பதியும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின்னர் துஷ்யா வாகன நிறுத்த நேரம் முடிகிறதென்று காரை மாற்றி விடவும் சாப்பிடப் பணிஸ் வாங்கவும் வெளியே போனார். நான் துப்பாக்கியின் மேற்பகுதியான ஸ்லைட்டைப் பின்னுக்கு இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை, ஸ்லைட் முன்னால் போய் மூடியபோது, என் விரல் விசையில் இல்லாத நிலையில், சுத்தியல் தானாக விழுந்தது. துப்பாக்கியில் தோட்டா இல்லாததால் சத்தம் மட்டும் கேட்டது. நான் மேலும் முப்பது முறை செய்து பார்த்தேன். மறுபடி விழவில்லை. நான் சரியாகப் பிடிக்காததால் அப்படி நடந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துஷ்யா பணிஸுடன் திரும்பி வந்தார். நாங்கள் சாப்பிட்டோம். நான் அவருக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அந்தக் கொளுக்கியை மாற்றும் வரை அதைச் சுட்டிருக்க மாட்டார். தகுதிச் சுற்றும் போயிருக்கும்.

அந்த வாரம் அவர் இருமுறை பயிற்சிக்குப் போய் நூற்றைம்பது தோட்டாக்கள் அளவில் சுட்டார். எதுவும் நடக்கவில்லை என்று எனக்குக் குறுந்தகவல் அனுப்பவில்லை, நான் பார்த்தது அவருக்குத் தெரியாததால் அப்படி அனுப்பக் காரணமும் இல்லை. "சூப்பர் அன்ரி" என்று மட்டும் அனுப்பினார்.

மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, கழகத்தின் உள்ளகச் சுடுகூடத்தில் பயிற்சிப் போட்டி நடந்தது. பன்னிரண்டு பேர் இருந்தோம். நான் புள்ளி எழுதிக்கொண்டிருந்தேன். பிற்பகல் 1.40 அளவில் துஷ்யாவின் முறை வந்தது. ஹால்வார்ட் நேரம் கணிக்கும் கருவியுடன் அவருக்கு வலப்புறம், ஓரடி பின்னால் நின்றார். அவர் தயாராகும்படி கட்டளை கொடுத்தார். துஷ்யா துப்பாக்கியை எடுத்து, குழாயை முன்பக்கம் சற்றுத் தாழப் பிடித்து, தோட்டாக்கூட்டைச் செருகி, ஸ்லைட்டை இழுத்து விட்டார். அது மூடிய அதே கணத்தில் வெடித்தது. தோட்டா மூன்று மீற்றர் முன்னால் இருந்த குறிப்பலகையின் இரும்புக் காலில் பட்டுச் சிதறி, ஒரு துண்டு திரும்பி வந்து ஹால்வார்டின் கழுத்தில் வலது காதுக்குக் கீழே பாய்ந்தது.

துஷ்யா துப்பாக்கியைக் குழாய் முன்பக்கம் பார்க்க நிலத்தில் வைத்தார். அதன் பின்னர் ஹால்வார்டைப் படுக்கவைத்து இரண்டு கைகளாலும் காயத்தை அழுத்தினார். அம்புலன்ஸ் வரும்வரை பதினான்கு நிமிடங்கள் கையை எடுக்கவில்லை. ஹால்வார்டுடன் கதைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய மனைவியின் பெயரைக் கேட்டார், அவர் ஓட்டிய ட்ராம் எந்த இலக்கம் என்று கேட்டார். முதல் கேள்விக்கு ஹால்வார்ட் பதில் சொன்னார்.

அந்த நேரத்தில் நான் செய்தது, நிலத்தில் கிடந்த துப்பாக்கியை விதிப்படி எடுத்து, தோட்டாக்கூட்டைக் கழற்றி, வெறுமையாக்கி, மேசையில் வைத்தது மட்டுமே. ஸ்லைட் மூடிய சத்தமும் வெடிச்சத்தமும் ஒன்றாகக் கேட்டதால் நடந்தது என்ன என்று எனக்கு உடனே தெரிந்தது. சந்தேகம் என்று சொல்லமாட்டேன். தெரிந்தது.

அதன் பின்னர் வந்த பொலிஸ் அதிகாரி துப்பாக்கியைக் கையேற்று, அங்கிருந்த ஒவ்வொருவரிடமும் கேட்டார். துப்பாக்கியில் ஏதாவது கோளாறு இருந்ததாகத் தெரியுமா என்று என்னிடம் கேட்டபோது, இல்லை என்று பதிலளித்தேன். துஷ்யா, தன்னுடைய விரல் விசையில் பட்டிருக்கவேண்டும் என்று தானாகவே சொன்னார். மார்ச் 18, செவ்வாய்க்கிழமை காலை ஹால்வார்ட் மருத்துவமனையில் இறந்தார்.

மார்ச் 20, வியாழக்கிழமை மாலை துஷ்யா என் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "அன்ரி, நீங்கள் விசையிலை வேலை செய்ததைச் சொல்லாதேங்கோ. உங்கடை வேலையும் போகும், லைசென்சும் போகும். அதாலை ஒண்டும் நடக்கேல்லை. என்ரை விரல்தான். விரல் உள்ளுக்கை போனது எனக்கு இப்ப ஞாபகம் வருது" என்றார். அவருடைய விரல் உள்ளே போகவில்லை. அன்று சுடுகூடத்தில் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது துப்பாக்கியின் பக்கவாட்டில் நேராக நீண்டிருந்தது. ஆனால் நான், "ஓம்" என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்.

மார்ச் 28 அன்று நல்லடக்கம் நடந்தது. நான் பின்வரிசையில் இருந்தேன். துஷ்யா வரவில்லை. முடிந்த பின்னர் ஹால்வார்டின் மனைவி என்னிடம் வந்து, அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள், அது விபத்து என்று நான் சொன்னதாக அவளிடம் சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். எட்டு நாட்கள் சொல்லவில்லை.

நேற்றுமுன்தினம், ஏப்ரல் 5, சனிக்கிழமை மத்தியானம், சோறும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக்கொண்டு துஷ்யாவின் வீட்டுக்குப் போனேன். அவர் வேலைக்குப் போவதில்லை என்று அப்போதுதான் அறிந்தேன். ஊசி ஏற்றப் போன நோயாளியின் முன்னால் கை நின்றுவிட்டதாகவும், தானே மருத்துவ விடுப்புக் கேட்டதாகவும் சொன்னார். நான் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். அவர் கரண்டியை இடது கையில் எடுத்தார். பழக்கமில்லாததால் சோறு மேசையில் சிந்தியது. வலது கை மடியில் கிடந்தது.

"ஏன் பிள்ளை இடக்கையாலை?" என்று கேட்டேன்.

"மற்றக் கையை நான் இப்ப பாவிக்கிறேல்லை" என்றார்.

ஹால்வார்டின் மனைவி சொன்னதைச் சொன்னேன். "அவ பாவம், அவவுக்குத் தெரியாது. விபத்தெண்டா ஆற்றையும் பிழை இல்லை எண்டு அர்த்தம்" என்றார்.

அதன் பின்னர் நான் மார்ச் 8 அன்று அவர் பணிஸ் வாங்கப் போன நேரத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் கரண்டியை வைத்தார். ஸ்லைட் மூடும்போதா என்று கேட்டார். ஓம் என்றேன். எத்தனை தரம் என்று கேட்டார். ஒரு தரம் என்றேன். பின்னர், "நான் உங்கடை வாசலிலை வந்து நிண்டு சொல்லேக்கை உங்களுக்குத் தெரியும்" என்றார். அது கேள்வி அல்ல. "வீட்டை போங்கோ" என்றார். அன்ரி என்று சொல்லவில்லை. நான் எழுந்து வந்தேன். அதற்குப் பின்னர் அவர் என் அழைப்புகளுக்குப் பதிலளிக்கவில்லை.

இங்கே வரும்படி அவர் என்னிடம் கேட்கவில்லை. எவரும் என்னை வற்புறுத்தவில்லை. ஆய்வுகூடத்தில் நான் பாவித்த மெருகேற்றும் கல்லையும் பெருக்கும் கண்ணாடியையும் ஒப்படைத்திருக்கிறேன். பொலிஸ் நிபுணரின் அறிக்கை இன்னும் வரவில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டது. அது என்ன சொன்னாலும் நான் சொன்னது மாறாது. துப்பாக்கியைத் தெரிவு செய்தது நான். கொளுக்கியைத் தேய்த்தது நான். அது பிழையாக இயங்கியதைப் பார்த்ததும் நான் ஒருத்தி மட்டும்தான்.

மேலே உள்ளது எனக்குத் தமிழில் முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. மார்ச் 16 அன்று அதிகாரி கேட்டபோது பதற்றத்தில் நான் சொல்ல மறந்துவிட்டதாக ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றும், மறக்கவில்லை என்றும், அதை வெட்டிவிட்டு, இல்லை என்று பதிலளித்தேன் என்று எழுதும்படியும் கேட்டேன். வெட்டி எழுதப்பட்டது. வெட்டிய இடத்தில் என் சுருக்கொப்பத்தை இட்டிருக்கிறேன். மற்றவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன, அவை உண்மை.

மரியரஞ்சனி யோசேப்பு
(கையொப்பம்)
பிற்பகல் 1.05