கொட்டகையில் ஒரு தையல் மெஷின்

2024ஆம் ஆண்டு நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. இடம்: கீழ் கோத்தகிரிச் சரிவில், மூடப்பட்ட தேயிலைத் தோட்டம் ஒன்றை ஒட்டிய ஓட்டு வீடு. வீட்டுக்குரியவர் தேவநேசன், வயது அறுபத்தொன்பது. அந்தத் தோட்டத்து அலுவலகத்தில் ஹெட்கிளார்க்காக இருந்தவர். அவர் மனைவி ஜெஸிந்தா, அதே தோட்டத்து மருந்தகத்தில் நர்ஸாக இருந்தவர். வந்திருப்பவர் ராஜகுமாரி, பழைய வீடுகளில் பூசணமும், பெயிண்டில் ஈயமும் உண்டா என்று சோதித்து, இருந்தால் அகற்றித் தரும் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றின் ஊழியர். இன்னும் பன்னிரண்டு நாட்களில், இருபத்துநான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மகள் ஷைனாவைத் தலைப்பிரசவத்துக்கு இந்த வீட்டுக்கு அழைத்து வருவதாகச் சம்பந்தி வீட்டாரிடம் தேவநேசன் வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த வாக்கைத் தவிர அவருக்கு இப்போது வேறு நினைப்பு இல்லை.

தேவநேசன்: …அதைத்தான் கேக்கறேன் அம்மணி. மனுசனுக்கு டெஸ்ட் எடுப்பாங்க. மாட்டுக்கு எடுப்பாங்க. ஊட்டுக்கு எடுத்து நான் பாத்ததில்லை. செவுத்துக்கு என்ன, காய்ச்சலா?

ராஜகுமாரி: அந்த மாதிரிதானுங்க ஐயா. இந்த பீரோவைக் கொஞ்சம் தள்ளலாங்களா?

ஜெஸிந்தா: நான் ஒரு பக்கம் புடிக்கறேன்.

தேவநேசன்: நீ புடிக்காதே! இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னா பொறவு நான்தான் தைலம் தேய்க்கோணும்.

ஜெஸிந்தா: நீங்க தேய்க்கற லட்சணம் எனக்குத் தெரியாதாக்கும். ரெண்டு தேய்ப்பு… ஒரு குறட்டை…

ராஜகுமாரி: நானே தள்ளிக்கறேங்க. ம்… இந்தாங்க. பாத்தீங்களா?

ஜெஸிந்தா: கர்த்தாவே… செவுரு பூராக் கறுப்பு!

தேவநேசன்: பூசணம்தான். மலையில பூசணம் இல்லாத ஊடு எது? போன வருசம் நானே சுண்ணாம்பு அடிச்சேன்…

ராஜகுமாரி: பூசணத்து மேலயேங்களா?

தேவநேசன்: மேலதான் அடிக்க முடியும். அடியில எப்படி அடிக்கறது?

ராஜகுமாரி: அது சாகலைங்க ஐயா. வெள்ளைப் போர்வை போத்திட்டுத் தூங்கியிருக்குது. மழைக்காலத்துல துணி எங்கீங்க காயப் போடுவீங்க?

ஜெஸிந்தா: இந்த ரூம்லதான். கரியடுப்பை வெச்சு, மேல மூங்கில் கூடையைக் கவுத்து, அதும் மேல விரிச்சிருவோம். ஒரு மணி நேரத்துல மொறுமொறுன்னு…

ராஜகுமாரி: துணியில இருந்த ஈரமெல்லாம் எங்கீங்க போகும்?

தேவநேசன்: காத்துல போயிரும்.

ராஜகுமாரி: காத்து எங்கீங்க போகும்?

தேவநேசன்: அது… ஜன்னலைச் சாத்தித்தான் வெப்போம். குளிருமில்ல.

ராஜகுமாரி: அப்ப அத்தனையும் இந்தச் செவுருதான் குடிச்சிருக்குது. இங்க யாருங்க படுக்கறது?

ஜெஸிந்தா: இப்ப யாருமில்லைங்க. ஷைனாவுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கோம். அவளுக்கும்… கொளந்தைக்கும்.

ராஜகுமாரி: ம்ம்… சரிங்க. அடுத்தது ஜன்னல் பாத்துரலாம்.

தேவநேசன்: ஏய் ஜெஸி, கையைத் தூக்கு! அம்மணி துப்பாக்கி எடுத்துட்டாங்க!

ஜெஸிந்தா: சும்மா இருங்க. வந்தவங்க என்ன நினைப்பாங்க?

ராஜகுமாரி: எல்லா ஊட்டுலயும் இதே ஜோக்தாங்க அம்மா. இதுல சுடறதில்லைங்க ஐயா. பெயிண்ட் மேல வெச்சு அழுத்தினா உள்ள என்ன கலந்திருக்குன்னு சொல்லும். ஒரு நிமிசம்… இதென்ன பெயிண்ட்டுங்க?

தேவநேசன்: அப்படிக் கேளுங்க! ஃபேக்டரிப் பச்சை. தொண்ணூத்தெட்டுல எஸ்டேட்டை மூடினப்ப ஸ்டாஃபுக்கெல்லாம் பங்கு வெச்சுக் குடுத்தாங்க. ஆளாளுக்குத் தகரம், மேஜைன்னு தூக்கிட்டுப் போனாங்க. நான் ஒம்பது டின் பெயிண்ட் எடுத்துக்கிட்டேன்.

ஜெஸிந்தா: மேஜையாவது எடுத்திருக்கலாம்.

தேவநேசன்: மேஜை இன்னைக்கு இருக்குமா? பெயிண்ட் இருக்கு! வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு ஒரு கோட்டு. மூடியைத் திறந்தா மேல ஏடு கட்டியிருக்கும். ஏட்டை எடுத்தா உள்ள தேன் மாதிரி… கடையில இப்ப விக்கறதெல்லாம் ரெண்டு மழைக்குத் தாங்காது அம்மணி.

ராஜகுமாரி: தாங்கறதுக்குக் காரணமே ஈயம்தானுங்க ஐயா. பத்து லட்சம் பங்குல தொண்ணூறு பங்குக்கு மேல ஈயம் இருக்கக் கூடாதுங்கறது இப்ப சட்டம். இது எவ்வளவு காட்டுதுன்னு நீங்களே பாருங்க.

தேவநேசன்: கண்ணாடி… ஜெஸி, என் கண்ணாடி…

ஜெஸிந்தா: நெத்தி மேல இருக்கு.

தேவநேசன்: பதினாலு… பதினாலாயிரமா?

ராஜகுமாரி: ஆமாங்க.

தேவநேசன்: மெஷின் பழசோ என்னமோ.

ராஜகுமாரி: கதவுலயும் வெச்சுப் பாக்கலாங்க. …பதினஞ்சாயிரம்.

ஜெஸிந்தா: ஷைனாவைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனப்ப டாக்டரம்மா கேட்டாங்க. பேறுகாலம் பாக்கற ஊடு பழசா, பெயிண்ட் பழசான்னு. அப்பவே எனக்குத் திக்குன்னுச்சு.

தேவநேசன்: என்கிட்ட நீ சொல்லவே இல்ல?

ஜெஸிந்தா: சொன்னா நீங்க கேட்டுருவீங்க பாருங்க.

ராஜகுமாரி: மிச்ச டின்னெல்லாம் எங்கீங்க இருக்குது?

தேவநேசன்: விறகுக் கொட்டகையில. காலி டின்தான். அதைப் போயி எதுக்கு அம்மணி… வழியெல்லாம் சேறு…

ஜெஸிந்தா: வாங்க, நான் காட்டறேன். பாத்து, படி வழுக்கும்.

தேவநேசன்: இரு, நானும் வர்றேன். …இந்தா, இவ்வளவுதான். எட்டு காலி, ஒண்ணுல அடியில கொஞ்சம் கெடக்கு. அக்கட்டால தார்ப்பாய் மூடியிருக்கறது தையல் மெஷின்.

ராஜகுமாரி: நான் ஒண்ணும் கேக்கலைங்களே ஐயா.

தேவநேசன்: இல்ல… சும்மா சொன்னேன். பழைய மெஷின்.

ராஜகுமாரி: வர்றப்ப ஹால்ல ஒரு தையல் மெஷின் பாத்தேங்க.

ஜெஸிந்தா: எங்ககிட்ட ரெண்டு இருக்குதுங்க.

தேவநேசன்: ஆங்… ஆமா. ரெண்டு.

ஜெஸிந்தா: ஒண்ணு ரிப்பேரு.

தேவநேசன்: ரிப்பேரு.

ராஜகுமாரி: சரிங்க. தையல் மெஷின்னா எனக்கு வேலை இல்லைங்க.

ஜெஸிந்தா: அம்மணி, இந்த ஈயம் கொளந்தைக்குப் போனா என்ன ஆகும்? எனக்கு ஓரளவு தெரியும். இவருக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க.

தேவநேசன்: எனக்கென்ன காதா அவிஞ்சு போச்சு?

ராஜகுமாரி: வெளிய ஒண்ணும் தெரியாதுங்க. காய்ச்சல் வராது, தடிப்பு வராது. பல்லு முளைக்கற கொளந்தை கையில கெடைச்சதை வாயில வெச்சுக் கடிக்கும். ஜன்னல் சட்டம், கதவு, கட்டில் விளிம்பு. பெயிண்ட்டு கொஞ்சம் இனிக்குங்க, அதனால மறுபடியும் கடிக்கும். ரெண்டு வயசு தாண்டியும் பேச்சு வராது. பள்ளிக்கூடத்துல எழுத்து ஏறாது. வாத்தியார் மக்குன்னு சொல்லுவாரு. அன்னைக்கு யாருங்க ஜன்னலை நினைச்சுப் பாப்பாங்க? …மழை வர்றாப்பல இருக்குது. உள்ள போயிட்டு எழுதிரலாங்களா? ஜன்னல் ஆறு, கதவு நாலு, செவுரு ஒண்ணு…

தேவநேசன்: அம்மணி.

ராஜகுமாரி: சொல்லுங்க ஐயா.

தேவநேசன்: அது தையல் மெஷின் இல்ல. ஜெஸி, நீ கோவிச்சுக்காதே. கிறிஸ்மஸுக்குச் சொல்லலாம்னு… இந்தா, பாருங்க. தொட்டில். எங்க ஷைனாவைப் போட்டு ஆட்டினது. பரண்ல கெடந்தது. தேய்ச்சு, கடைசி டின்னைத் திறந்து… ரெண்டு கோட்டு.

ஜெஸிந்தா: அழகா இருக்குங்க.

தேவநேசன்: கம்பி கம்பியா ஒவ்வொண்ணையும் சின்ன பிரஷ்ல அடிச்சேன். வையுங்க அம்மணி. உங்க துப்பாக்கியை வையுங்க. …எவ்வளவு?

ராஜகுமாரி: இருபத்திரெண்டாயிரங்க. பழைய கோட்டுலயும் இருந்திருக்கும். ஐயா, தேய்ச்சேன்னீங்களே, எதுல தேய்ச்சீங்க?

தேவநேசன்: உப்புத்தாள்தான்.

ராஜகுமாரி: தண்ணி தெளிச்சுங்களா?

தேவநேசன்: இல்ல, காஞ்சபடியேதான் தேய்ப்பாங்க. மூஞ்சிக்குத் துண்டு கட்டிக்கிட்டேன்.

ஜெஸிந்தா: எத்தனை நாளுங்க?

தேவநேசன்: ஒரு… பத்து நாளு.

ஜெஸிந்தா: நான் இந்தப் பத்து நாளைக் கேக்கலைங்க. இருபத்தாறு கிறிஸ்மஸு. ஒவ்வொரு வருசமும் ஜன்னலைத் தேய்ச்சுட்டு மாவு மில்லுக்காரர் மாதிரி வந்து நிப்பீங்க. நானும் சிரிச்சுட்டே தலையைத் துவட்டி விட்டேன். நர்ஸுன்னு பேரு எனக்கு.

தேவநேசன்: அதுக்கெதுக்குக் கண்ணைத் தொடைக்கறே? எனக்கு ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கேன்.

ராஜகுமாரி: கல்லா இருந்தாலும் ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு ஒரு டெஸ்ட் எடுத்துருங்க ஐயா. ரெண்டு பேருமே.

தேவநேசன்: எடுத்துக்கலாம், எடுத்துக்கலாம். இப்ப இதுக்கு வழி சொல்லுங்க. பன்னெண்டு நாளு இருக்கு. நாளைக்கே உக்காந்து நானே எல்லாத்தையும் சுரண்டி…

ராஜகுமாரி, ஜெஸிந்தா: நீங்க சுரண்டாதீங்க!

தேவநேசன்: சரி, சரி. ரெண்டு பேரும் சேந்துக்காதீங்க.

ராஜகுமாரி: எங்க ஆளுங்க நாலு பேரு வருவாங்க. தரையெல்லாம் ஷீட் விரிச்சு, ரூமை மூடி, நனைச்சு நனைச்சு எடுப்பாங்க. தூசியை இழுக்கறதுக்குன்னே மெஷின் இருக்குது. பூசணம் புடிச்ச காரையை உடைச்சுப் புதுசாப் பூசோணும். துணி காயப்போடப் பின்னாடி ஒரு தகரச் சாய்ப்பு போட்டுக்குங்க. சொரண்டினதையெல்லாம் மூட்டை கட்டி நாங்களே கொண்டு போயிருவோம். பெயிண்ட் அடிச்ச மரத்தை மட்டும் அடுப்புல போட்டுராதீங்க, புகையிலயும் வரும்.

தேவநேசன்: எத்தனை நாள் ஆகும்?

ராஜகுமாரி: வேலை எட்டு நாளு. பூச்சு காயோணும். பொறவு வேற ஒரு லேப்ல இருந்து வந்து தூசி எடுத்துப் பாப்பாங்க. நாங்களே செஞ்சு நாங்களே நல்லாருக்குன்னு சொன்னா அது செல்லாதுங்க. எப்படியும் ஜனவரி ஆயிரும்.

தேவநேசன்: அப்ப இருபத்துநாலாந்தேதி…

ராஜகுமாரி: முடியாதுங்க ஐயா.

தேவநேசன்: வாக்குக் குடுத்துட்டேன் அம்மணி. தலைப்பேறு தாய் ஊட்டுலதான்னு நெஞ்சை நிமித்திச் சொல்லிட்டு வந்தேன். இப்பப் போயி சம்பந்திகிட்ட… ஊட்டுல விசம் இருக்குது, நான்தான் வருசா வருசம் அடிச்சேன்னா சொல்றது?

ஜெஸிந்தா: நான் கோயம்புத்தூருக்கே போயிப் பாத்துக்கறேன். ஆஸ்பத்திரியும் கிட்ட. மாப்பிள்ளை ஸ்டெபின் ஊட்டு மாடி போர்ஷன் காலியாத்தான் இருக்காம். நீங்களும் வாங்க.

தேவநேசன்: மாப்பிள்ளை ஊட்டுல போயி நான் உக்கார்றதா? அதுசரி… மாடி காலின்னு உனக்கு யாரு சொன்னா?

ஜெஸிந்தா: ஸ்டெபின்தான். சும்மா… பேச்சுவாக்குல.

தேவநேசன்: எப்ப?

ஜெஸிந்தா: முதல்ல உள்ள வாங்க, நனையறீங்க.

ராஜகுமாரி: ஐயா, இந்தத் தொட்டிலை நாங்க சொரண்டிப் பாக்கலாங்க. ஆனா கம்பி சேர்ற இடுக்குல எல்லாம் போயிருச்சுன்னு என்னால கையெழுத்துப் போட முடியாதுங்க.

தேவநேசன்: வேண்டாம். எடுத்துட்டுப் போயிருங்க.

ஜெஸிந்தா: ஏனுங்க, அவசரப்படாதீங்க…

தேவநேசன்: எடுத்துட்டுப் போகட்டும் ஜெஸி. இது இங்கிருந்தா ஒரு நாளு நானே மனசு கேக்காம எடுத்துப் போட்டுருவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஜெஸிந்தா: கொளந்தைக்கு உங்க பழைய வேட்டியில தூளி கட்டிரலாம். அதை விட மெத்துன்னு என்ன இருக்கு? பச்சைக் கறை இல்லாததாப் பாத்து எடுக்கறேன்.

தேவநேசன்: வேட்டியில கறை இருக்கறது உனக்கெப்படி… மண்ணெண்ணெய் போட்டுத் தொடைச்சேனே?

ஜெஸிந்தா: அம்மணி, நீங்க எழுதிக்குங்க. மழை புடிச்சுக்கும்.

ராஜகுமாரி: என்ன முடிவுன்னு ஊட்டுக்காரர் சொல்றதை அப்படியே எழுதோணுங்க. சொல்லுங்க ஐயா.

தேவநேசன்: இருபத்தொரு வருசம் ஆபீஸ்ல எழுதினவன், முறையாவே சொல்றேன். எழுதுங்க. ‘வரும் திங்கட்கிழமை, பதினெட்டாம் தேதி, நிறுவனத்தின் ஆட்கள் வேலையைத் தொடங்குவார்கள். ஜன்னல், கதவுகளின் பெயிண்ட்டையும் பின்னறைச் சுவரின் பூசணத்தையும் அவர்களே அகற்றுவார்கள். வீட்டுக்காரர் உப்புத்தாளைத் தொடமாட்டார்.’ போதுமா ஜெஸி?

ஜெஸிந்தா: பிரஷ்ஷையும் சேருங்க.

தேவநேசன்: ‘பிரஷ்ஷையும் தொடமாட்டார். கணவனும் மனைவியும் வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வார்கள். பிரசவம் கோயம்புத்தூரில், இருவரும் மாப்பிள்ளை வீட்டு மாடியில் தங்குவார்கள். சம்பந்தியிடம் தேவநேசனே நேரில் சொல்லுவார். இரண்டாவது சோதனையில் வீடு தேறிய பிறகே குழந்தை இங்கே வரும். தொட்டில் இன்றே நிறுவனத்தின் வண்டியில் ஏற்றப்படும்.’ அவ்வளவுதான். எங்க கையெழுத்து?

ராஜகுமாரி: கீழதாங்க.

தேவநேசன்: படிக்காம நான் போடறதில்லை. இதென்ன, மேல ஒரு பாரா ஏற்கெனவே எழுதியிருக்குது?

ராஜகுமாரி: அது… போன்ல சொன்னதை எழுதி வெச்சதுங்க.

தேவநேசன்: என் கண்ணாடி நனைஞ்சு போச்சு. படிங்க.

ஜெஸிந்தா: அதெல்லாம் வேண்டாங்க அம்மணி…

தேவநேசன்: படிங்க அம்மணி.

ராஜகுமாரி: சரிங்க. ‘அழைப்பு வந்த நாள்: நவம்பர் மூன்று, ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்று பத்து. அழைத்தவர்: திருமதி ஜெஸிந்தா. காரணம்: காலை ஆராதனையில் கணவர் பிடித்திருந்த பாட்டுப் புத்தகத்தில் பச்சை நிறக் கட்டைவிரல் அடையாளம், பின்னர் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில், பெயிண்ட் காயாத தொட்டில். வேண்டுகோள்: பூசணமும் பெயிண்ட்டும் பார்க்க வந்ததாக மட்டும் சொல்லவும். தொட்டிலைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். கொளந்தைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சா, அவரே சொல்லிருவாருங்க.’