மேளத்துக்குக் கிழக்கே

கரகம் ஆடுகிறவர்களுக்குக் கழுத்துதான் வலிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கழுத்து பழகிவிடும் ஐயா. கணுக்கால்தான் பழகாது. சலங்கை கட்டுகிற இடத்தில் தோல் உரியும், அது ஆறுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். வேம்புவின் காலுக்கு நான்தான் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். "போதும் விடுடி, கூசுது" என்று காலை இழுத்துக்கொள்வாள். கூசினாலும் தடவத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சீழ் வைத்துவிடும்.

நீங்கள் மெதுவாகவே எழுதுங்கள், எனக்கு அவசரமில்லை. என் பெயர் செங்கமலம், ஊர் அரும்பாவூர். நேற்று வேம்புவைப் புதைத்தோம். இன்று முதல் பஸ்ஸில் ஏறி அரியலூர் வந்தேன், கேஸ் உங்கள் ஸ்டேஷனில் இருக்கிறது என்பதால். என்னை யாரும் மிரட்டவில்லை, அழைத்து வரவும் இல்லை. கேஸில் ஒரு தப்பு எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டும் என்றுதான் வந்தேன்.

நானும் வேம்புவும் பாவாடை கட்டின நாளிலிருந்து ஒன்றாக வெங்காயக் காட்டில் களை எடுத்தவர்கள். பெரம்பலூரில் தங்கசாமி அண்ணன் கரகாட்டச் செட்டு வைத்திருக்கிறார், ஆட்டம் பழக இரண்டு பெண்கள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும், போகலாம் என்று சொன்னது நான்தான். வேம்புவுக்கு மனசே இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். போன கொஞ்ச நாளிலேயே அவள் என்னைவிட நன்றாக ஆடினாள். நான் கணக்காக ஆடுவேன், தப்பு வராது, அவ்வளவுதான். அவளுக்கு உடம்பே ஆட்டம். சனம் முதலில் என்னைப் பார்க்கும், அப்புறம் அவளைப் பார்க்கும், அப்புறம் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பொறாமை என்றால் உங்களுக்கும் சுலபமாகப் புரியும், எனக்கும் சொல்வதற்கு லேசாக இருக்கும். ஆனால் அது இல்லை.

கரகத்தில் பெண்கள் ஜோடியாகத்தான் ஆடுவார்கள். எங்கள் ஜோடிக்குப் பேர் வாங்கித் தந்தது கண்கட்டு ஆட்டம். தரையில் முட்டைகளைப் பரப்பி வைப்பார்கள். ஒருத்தி தலையில் கரகத்தோடு, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு முட்டையும் உடையாமல் நடுவே ஆடி வர வேண்டும். இன்னொருத்தி மேளத்தடியில் நின்று திசை சொல்ல வேண்டும். வேம்பு ஆடுவாள், நான் சொல்வேன். 'கிழக்கு' என்றால் கிழக்கே ஓர் அடி. விடாமல் 'கிழக்கு, கிழக்கு' என்று சொன்னால், 'நில்' என்கிற வரைக்கும் அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கேதான் கேஸில் தப்பு வந்திருக்கிறது. செட்டுக்குக் கிழக்கு வேறு, ஊருக்குக் கிழக்கு வேறு. கண்ணைக் கட்டி மூன்று சுற்று சுற்றிவிட்ட ஒருத்திக்குச் சூரியன் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? ஒவ்வோர் ஊரிலும் கோயில் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அவளுக்கு நிச்சயமாகத் தெரிவது மேளச் சத்தம் ஒன்றுதான். அதனால் பழக வருகிறவர்களுக்குத் தங்கசாமி அண்ணன் முதல் நாளே சொல்லிவிடுவார்.

"மேளம் நிக்கிற பக்கம் மேக்கு. அதுக்கு எதிர்ப்பக்கம் கெழக்கு. சூரியன் எங்க உதிச்சா நமக்கென்ன? அத ஊர்க்காரன் பாத்துக்குவான்."

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். "சனம் சும்மா இருக்காது. பள்ளம்பாங்க, பாம்பும்பாங்க. பயங்காட்டிப் பாக்குறதுல அவங்களுக்கு ஒரு குஷி. எதையும் காதுல போட்டுக்காத. உன் ஜோடி கொரல மட்டும் கேளு."

இந்த வருஷம், எண்பத்தொன்று மாசியில் கிளம்பினோம். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் டூர். மேளம் பஸ் கூரையில் வரும், கரகம் எங்கள் மடியில் வரும். ஆட்டம் முடிந்தால் பள்ளிக்கூட வராந்தாவில் படுப்போம், இரண்டு பேருக்கும் ஒரே பாய். சோற்றில் கல் இருந்தால் வேம்பு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள், அதனால் அவளுக்கு அரிசியை நானே அரித்துப் போடுவேன். அவள் தாவணியைத் துவைப்பேன். தலை பின்னுவேன், பவுடர் போட்டுவிடுவேன். மற்ற பெண்கள் என்னை அவளுக்கு மாமியார் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை ஐயா. ஆயுசு முழுக்க அப்படியே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது.

பங்குனியில் செல்லதுரை வந்தார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். அவரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, தங்கமான மனுஷர். எங்கள் ஆட்டம் நடந்த நாலைந்து ஊருக்கு வந்து ஓரமாக நின்று பார்த்தார். அப்புறம் தன் தாயாரை அழைத்துக்கொண்டு வந்து, தங்கசாமி அண்ணனிடம் முறையாகப் பெண் கேட்டார். அதை வேம்பு பஸ்ஸில் வைத்து என்னிடம் சொன்னாள்.

"வைகாசியோட ஆட்டத்த விட்டுடப்போறேன்டி. அவரு ஒண்ணும் ஆட வேணாங்கல. எனக்குத்தான் போதும்னு இருக்கு."

"நல்லதுதான்" என்றேன்.

"மொகத்த ஏன் தூக்கி வச்சுக்குற? எங்க வூட்டுக்கு அடிக்கடி வந்து போடி. வராம இருந்துடாத."

வந்து போ என்றாள். வந்து இரு என்று சொல்லவில்லை. புருஷன் வீட்டுக்குப் போகிறவள் அப்படிச் சொல்லவும் முடியாதுதான். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

ஜோடி போனால் என் பிழைப்பு போய்விடும், அந்தப் பயத்தில் செய்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். அது பொய். வேம்பு போனால் செட்டில் இருந்த பூமாலை என்கிற பெண்ணை எனக்கு ஜோடியாகப் போடுவதாகத் தங்கசாமி அண்ணன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். பூமாலை நன்றாகவே ஆடுவாள்.

சம்பவம் நடந்த திடலை நீங்களே வந்து பார்த்தீர்கள். அன்றைக்குத் திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீர், வெயில் சாய்ந்த நேரம். திடலுக்கு மேற்கே, கல் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பழைய குழி. அதன் ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். வெயில் தாங்காமல் மேளக்காரர்கள் கிழக்கே புளியமரத்தடிக்குப் போய் நின்றார்கள். நானும் அவர்களோடு நின்றேன். நின்றவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குக் கிழக்கு நான் நிற்கிற இடம். செட்டுக்குக் கிழக்கு குழி இருக்கிற இடம்.

கண்ணை நான்தான் கட்டினேன். "இறுக்காதடி, முடி இழுக்குது" என்றாள். அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன். முட்டை ஆட்டம் அன்றைக்கு மிக நன்றாக வந்தது, ஒரு முட்டை கூட உடையவில்லை. ஒரே விசில். வழக்கமாக முட்டைகளைத் தாண்டியதும் நான் 'நில்' என்பேன், போய்க் கண்ணை அவிழ்த்துவிடுவேன். அன்றைக்கு நான் 'நில்' சொல்லவில்லை. 'கிழக்கு, கிழக்கு' என்றேன்.

அவள் குழிப்பக்கம் திரும்பி ஆடிக்கொண்டு போனாள். முதலில் சனம் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தது. அப்புறம் "பள்ளம், பள்ளம்" என்று கத்தியது. நான் இன்னும் சத்தமாகக் 'கிழக்கு' என்றேன். பயங்காட்டுகிறார்கள் என்று நினைத்து வேம்பு சிரித்தாள். சிரித்துக்கொண்டே, கையை விரித்து, இடுப்பை ஒரு வெட்டு வெட்டினாள். கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் எழுந்து ஓடினார், அவரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. கல் வரிசைக்கு நடுவே கால் வைக்கிற வரைக்கும் கரகம் அவள் தலையில் அசையவே இல்லை. நான் கண்ணை மூடவில்லை.

ஊர்க்காரர்கள் உங்களிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன். "பாவங்க அந்தப் புள்ள. கெழக்கு கெழக்குன்னு தொண்ட கிழியக் கத்துச்சு. இதுதான் கேக்காம மேக்கால போயி வுழுந்துடுச்சு." ஒருவரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த கிழக்கு ஒன்றுதான். ஓர் அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், தண்ணீர் கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன். தவில்காரர் மாயவன் அண்ணனுக்கு மட்டும் தெரிந்திருக்கும், என் பக்கத்தில் நின்று அடித்தவர் அவர். தங்கசாமி அண்ணன் அந்த நேரம் திடலில் இல்லை, மேளம் எந்தப் பக்கம் நின்றது என்று அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்து அவர் பேசியதில்லை. பிழைப்புக்குச் செட்டை நம்பியிருக்கிறவர், பிள்ளைகுட்டிக்காரர். அவரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கால் ஒடிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கால் ஒடிந்தவளை யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள். நான் ஆடிப் பிழைத்து அவளை வைத்துக் காப்பாற்றுவேன். இதைத் திடலில் நின்று யோசித்தேனா, பஸ்ஸிலேயே யோசித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் கால் என்று நினைத்தேன், அது மட்டும் தெரியும். முதுகெலும்பு என்று நினைக்கவில்லை.

திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். இதைக் கேட்டால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். ஆனாலும் சொல்கிறேன், அந்த நாட்கள் நன்றாக இருந்தன. கஞ்சி ஊட்டினேன். உடம்பு துடைத்துவிட்டேன். காலுக்கு எண்ணெய் தடவினேன், இப்போது அவளுக்குக் கூசவில்லை. ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

செல்லதுரை வந்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் நின்று, "நடக்க முடியாட்டியும் பரவால்லங்க. நான் பாத்துக்குறேன், அத மட்டும் அதுகிட்ட சொல்லுங்க" என்றார். கண் கலங்கியிருந்தார். "அவ ஒங்கள பாக்கவே வேணாங்குறா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுபடியும் ஒரு தடவை வந்தார், மறுபடியும் அதையே சொன்னேன். வேம்பு தினமும் கேட்பாள், "அவரு வந்தாராடி?" என்று. இல்லை என்பேன். கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டாள், சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் கஞ்சியும் இறங்கவில்லை. இது உங்கள் கேஸுக்கு வேண்டாம் என்றால் எழுத வேண்டாம்.

கடைசியாக ஒரு நாள் காய்ச்சலில் கிடந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"செங்கு, அன்னிக்கி நீ எந்தக் கெழக்கடி சொன்ன?"

"சூரியன் உதிக்கிற கெழக்கு" என்றேன். "மேளம் எடம் மாறி நின்னுச்சுல்ல, அதான் ஊர்க் கெழக்கு சொன்னேன்."

கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது, நான் துடைத்துவிட்டேன்.

"அப்ப நாந்தான் தப்பா போயிட்டேன். மொத டூருலயே செட்டு பேரக் கெடுத்துட்டேன்டி. அண்ணங்கிட்ட மன்னிச்சுக்கச் சொல்லு."

சரி, சொல்கிறேன் என்றேன். இல்லை என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை. மறுநாள் காலையில் அவள் போய்விட்டாள்.

நேற்று மண் தள்ளிவிட்டு வரும்போது தங்கசாமி அண்ணன் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார். "புதுப் புள்ள. தெச தெரியாம போயிடுச்சு, என்ன பண்றது." எங்கள் செட்டில் திசை தெரியாதவள் என்றால் அதைவிடக் கேவலமான பேர் இல்லை. கண்கட்டு பழகுகிற பெண்களுக்கு இனிமேல் வேம்புவின் பேரைச் சொல்லித்தான் புத்தி சொல்வார்கள். பார்த்து ஆடு, அந்த வேம்பு மாதிரி போயிடாதே என்பார்கள். அதை நினைத்து ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. நீங்களும் 'திசை தவறி விழுந்து' என்று எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள் ஐயா. எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கைரேகை வைக்கிறேன். ஆனால் வேம்பு திசை தவறவில்லை. நான் போகச் சொன்ன பக்கம்தான் போனாள். ஊரே கூடிநின்று கத்தியது. அவள் என் பேச்சை மட்டும்தான் கேட்டாள்.