உங்கள் முறை வரும்வரை

‘அனுப்பு’ என்ற பட்டன் எந்தப் பச்சையில் இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாள் சண்டை போட்டோம். சிரிக்காதீர்கள், எங்கள் வடிவமைப்புத் துறையில் இதற்கெல்லாம்தான் சண்டை வரும். அவளுக்கு இளம்பச்சை வேண்டும், எனக்குக் கொஞ்சம் கறுப்புத் தட்டிய பச்சை. கடைசியில் என் பச்சைதான் நின்றது. நடந்ததை என் கைப்பட எழுதித் தரும்படி விசாரணைக் குழு கேட்டிருப்பதால் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன்.

அவளை எல்லோரும் குருவி என்றுதான் கூப்பிடுவோம். ஆள் அவ்வளவுதான் இருப்பாள். பிறவியிலேயே வலது கண் மங்கல், இடது கண்ணை நம்பித்தான் எல்லாம். தடித்த மூக்குக்கண்ணாடி கணினித் திரையில் முட்டுகிற மாதிரி உட்கார்ந்து வேலை பார்ப்பாள். நான் மூன்று வருடம் ஓர் அச்சகத்தில் இருந்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவள், வகுப்பில் மூத்தவள். மற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் மட்டும் முதல் நாளிலிருந்தே அக்கா. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் கை வைப்பாள். அவளை எனக்குப் பிடிக்கும், அதில் பொய் இல்லை.

கடைசி வருட வேலைக்குப் பேராசிரியர் எங்களைச் சேர்த்துப் போட்டார். பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குப் புதிய இணையதளம். உடம்புக்கு என்ன என்று மாணவர்கள் அதில் எழுதி அனுப்பினால், நர்ஸ் படித்துப் பார்த்து, டாக்டரைப் பார்க்கும் நாளையும் நேரத்தையும் பதிலாக அனுப்புவார். குருவி பக்கங்களை அமைத்தாள். நான் படங்கள் வரைந்தேன். இருமல், காய்ச்சல், பல், காது, கண் என்று அறுபத்து நான்கு படங்கள், ஒவ்வொன்றும் நகத்தளவு. மொழி தெரியாதவன்கூடப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ள வேண்டும். வயிற்றுவலியை மட்டும் பதினேழு தடவை அழித்து வரைந்தேன். நான்கு மாதம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

தளம் வெளியாகும் முன்பே குருவி அதை மாணவர்களுக்கான ஒரு வடிவமைப்புப் போட்டிக்கு அனுப்பினாள். முதல் பரிசு கிடைத்தது. பெரிய நிறுவனம் ஒன்றில் ஓராண்டுப் பயிற்சி. அங்கே போய்வந்தவர்கள் யாரும் அப்புறம் வேலைக்கு அலைந்ததில்லை. அறிவிப்பில் ஒரே ஒரு பெயர் இருந்தது, அவளுடையது. நடுவர்கள் தனியாக எடுத்துப் பாராட்டியிருந்தது அந்தச் சின்னப் படங்களை.

“அக்கா, ஃபார்ம்ல ஒரு பேருக்குத்தான் இடம் இருந்துச்சு. நான் அவங்ககிட்ட பேசி உங்க பேரையும் சேத்துடறேன், சத்தியமா,” என்றாள்.

“அதுக்கென்ன குருவி, பரவால்ல,” என்றேன்.

படிவத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுத்தாள், பாருங்கள். நாங்கள் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு அழுவதே அதைத்தான். ஒரு கட்டத்துக்குள் இரண்டு பெயரை எழுதினால் யார் வந்து கையைப் பிடிக்கப் போகிறார்கள்? அன்று சாயங்காலம் என் அம்மா செய்தியைப் பார்த்துவிட்டு, “உன் பேரு எங்கடி?” என்று கேட்டாள். நான் கை கழுவப் போனேன். அந்தக் கேள்வி அதன் பிறகு ஒரு நாளும் என்னை விடவில்லை.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தளம் தயாராகும் வரை, எழுதி அனுப்புவது வந்து சேருகிறதா என்று பார்க்க எங்களில் ஒருவரின் மின்னஞ்சல் முகவரியைப் போட்டு வைப்போம்; இதில் இருந்தது என்னுடையது. வெளியிடும்போது அதை எடுத்துவிட்டு உரியவருடையதைப் போட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. பட்டனை அழுத்தியதும் ‘கிடைத்தது, நன்றி’ என்ற பக்கம் அழகாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். கடிதம் எங்கே போய் விழுந்தது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. வெளியீட்டன்று பேராசிரியர் அழுத்தினார், நன்றி வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். கடிதம் என் கைப்பேசிக்கு வந்தது. குருவி முகவரியை மாற்ற மறந்தது உண்மையிலேயே மறதிதான். தெரிந்த பிறகும் நான் மாற்றாமல் விட்டது மறதி இல்லை. பரிசளிப்பு அன்று எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லி அவள் மானத்தை வாங்கலாம் என்று வைத்திருந்தேன்.

ஆனால் வேலையில் நான் குறை வைக்கவில்லை. முதல் மூன்று வாரத்தில் நாற்பத்திரண்டு பேர் எழுதினார்கள். ஒவ்வொன்றையும் வந்த கையோடு தளத்தின் பெயரில் நர்ஸுக்கு அனுப்பினேன். அவர் பதிலை மருத்துவ நிலையத்தின் பெயரில் உரியவர்களுக்கு அனுப்பினேன். ஒருவருக்கும் தாமதம் ஆகவில்லை. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்து மூன்றாவது கடிதம் குருவியுடையது. இடது கண்ணில் மின்னல் வெட்டுகிற மாதிரி இருக்கிறது, நேற்றிலிருந்து கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றன என்று எழுதியிருந்தாள். நான் வரைந்த கண் படத்தை அழுத்தித்தான் உள்ளே வந்திருந்தாள். இது என்னவாக இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். விழித்திரை பிய்ந்துகொண்டு வரலாம், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், போனால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம் என்று போட்டிருந்தது. மூன்று இடங்களில் சரிபார்த்தேன். எதையும் சரிபார்க்காமல் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பிறகு பதில் எழுதினேன். ‘திரையை அதிகம் பார்ப்பதால் வரும் சோர்வு. கண்ணுக்கு ஓய்வு கொடுக்கவும். உங்கள் முறை பன்னிரண்டு நாள் கழித்து, காலை பத்தே கால் மணிக்கு. அதுவரை காத்திருக்கவும்.’ வெறும் பத்து என்று போட்டால் யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்ன மாதிரி இருக்கும். பத்தே கால் என்றால் உள்ளே யாரோ ஏட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

நான்காம் நாள் மறுபடி எழுதினாள். மேலிருந்து ஒரு நிழல் இறங்கிக்கொண்டே வருகிறதாம். ‘உங்கள் பதிவு ஏற்கெனவே உள்ளது. மீண்டும் அனுப்பினால் வரிசையில் பின்னால் போகும்’ என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளே என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, எனக்கு என்னவோ பயமா இருக்கு. நேர்லயே போய்ப் பாத்துடட்டுமா? ஃபோன் பண்ணலாம்னா சைட்ல நம்பர் இல்ல.”

“நம்பர தூக்குனதே நீதான? பக்கம் சுத்தமா இருக்கணும்னு.”

சிரித்துவிட்டாள். “ஆமாக்கா, என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டேன்.”

“நாமளே வரிசைய மீறுனா மத்தவங்க எப்பிடி நம்புவாங்க? இத்தனை நாள் பொறுத்தாச்சு. லெட்டர்ல டைம் குடுத்திருக்காங்கல்ல?”

“குடுத்திருக்காங்க. பத்தே கால்,” என்று தலையாட்டினாள். அவள் முகவாயை நிறையத் தூக்கி என்னைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அவள் அச்சடித்து வைத்திருந்த பக்கங்களின் நிறத்தைச் சரிபார்த்துத் தரட்டுமா என்று கேட்டேன். கொடுத்துவிட்டுப் போனாள். நன்றாகவே செய்துகொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் மாடிப்படியில் கால் தவறி விழுந்தாள். அவள் அம்மா ஓடிவந்து பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒரு வாரம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றாராம் டாக்டர். இடது கண் போய்விட்டது. மிஞ்சியிருக்கும் வலது கண்ணால் ஆளை அடையாளம் தெரியும், எழுத்து தெரியாது. நான் தினமும் போனேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கூடப் பொறந்தவ மாதிரி பாத்துக்கறியேம்மா,” என்று அழுதார். நான் அவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன்.

அவர்தான் குருவிக்கு வந்த அந்தப் பதில் கடிதத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு மருத்துவ நிலையத்துக்குச் சண்டைக்குப் போனார். நர்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது நாங்க அனுப்புனது இல்லம்மா. எங்க லெட்டரு இவ்வளவு அழகா இருக்காது,” என்றாராம். அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று உங்கள் குழுவில் இருந்த அம்மையார், பெயரை விட்ட தவறை அந்தப் பெண் திருத்தப் போகிறாள் என்று தெரிந்திருந்தால் இப்படிச் செய்திருப்பாயா என்று கேட்டார். தெரியும். படிவத்தின் கடைசியில் ‘வேறு ஏதேனும்’ என்று ஒரு கட்டம் உண்டு. முதல் கடிதத்திலேயே அதில் எழுதியிருந்தாள்: ‘அடுத்த வாரம் போட்டிக் குழுவைப் பார்த்து அக்காவின் பெயரைச் சேர்க்கச் சொல்ல வேண்டும், நான் செய்தது தப்பு, அதற்குள் கண் சரியாக வேண்டும்.’ அதைப் படித்த பிறகுதான் பன்னிரண்டு நாள் என்று எழுதினேன். என் பெயரை அவள் கொடுத்து நான் வாங்கிக்கொள்வதா?

அவளை நான் கைநீட்டித் தொடக்கூட இல்லை. காத்திருக்கச் சொன்னேன், அவள் காத்திருந்தாள். அவளைப் பார்க்கப் போனால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு இப்போது அவள்மேல் கோபம் எதுவும் இல்லை, நான் மன்னித்துவிட்டேன், எப்போதும் போல அக்கா என்றே கூப்பிடலாம்.